நார்மல் நான்கு

டாக்டரின் அறையில் அன்று இருந்தவர்கள்: நான், என் தங்கை பவானி, டாக்டர், அவர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஜூனியர். இல்லாதவர்கள்: அம்மா, ஏனென்றால் கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் இட்லிக் கடையில் யாராவது நிற்க வேண்டும். மௌசுமிதி, என் நோயை முதலில் கண்டுபிடித்தவர், அவர் சால்ட் லேக்கில் எங்கள் லேபில் இருந்தார். அப்புறம் அப்பா. அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார், அறைக்குள் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்று போனில் கோவில்பட்டிச் சித்தப்பாவிடம், "ஹெர்னியாதான் டே, வேற ஒண்ணுமில்ல, கவலப்படாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தும் கேட்டது.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஹெர்னியா எந்த மொழியிலும் ஹெர்னியாதான். அவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஹெர்னியா இல்லை," என்றார் வங்காளத்தில். "வலது விரையில் கட்டி. ஸ்கேனும் ரத்தமும் ஒரே கதையைத்தான் சொல்லுது. கேன்சர். இந்த வாரமே எடுத்துடணும்."

பவானி என் சட்டைக் கையைப் பிடித்தாள். நான் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. எவ்வளவு என்பது. எழுநூற்று அறுபது என்றார். நான் தலையாட்டினேன். அது பெரிய எண்ணாகத்தான் இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். எங்கள் லேபில் அது அளவுகோலையே தாண்டிப் போயிருந்தது. ஏ.எஃப்.பி. என்று கேட்கும் நோயாளி அவருக்குப் புதிது போலிருக்கிறது. என்ன வேலை செய்கிறாய் என்றார்.

"அதைத்தான் சார் செய்யறேன். ஏ.எஃப்.பி. செய்யறேன்" என்றேன்.

இதை எழுதுவதற்கு ஒரே காரணம்தான். எனக்கு வந்த நோய், பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களுக்கு வருவது. சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் குணமாகிவிடுவது. ஆனாலும் ஆட்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள், ஏனென்றால் அது இருக்கும் இடத்தின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. நான் சொல்லப்போகிறேன். விரை. படிக்கச் சங்கடமாக இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் பாத்திரம் கழுவ கல்கத்தா வந்தவர். இன்று டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அவருடைய சொந்த இட்லி தோசைக் கடை இருக்கிறது. வங்காளிகள் அவரை அண்ணாதா என்பார்கள். அண்ணாவும் அண்ணன்தான், தாவும் அண்ணன்தான், இரட்டை மரியாதை என்று அப்பா அதை மாற்றச் சொல்வதில்லை. அவருக்கு எழுத்து வாசிக்க வராது. எண்கள் வரும், தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும். நான் என்ன படித்தேன் என்று கேட்பவர்களிடம் அப்பா, "பையன் ஈஸ்ட் வளக்கான்" என்பார். ஆப்பமாவு புளிக்க வைக்கும் ஆள் சொல்வதால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது சரிதான். நான் ஈஸ்ட்தான் வளர்க்கிறேன்.

கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்து நடந்தது புரியாது.

ஏ.எஃப்.பி. என்பது ஒரு புரதம். தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தைகளும் அதைத் தயாரிக்கின்றன. பிறந்த பிறகு அது குறைந்து, பெரியவர்கள் ரத்தத்தில் பத்துக்கும் கீழே, இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போய்விடும். சில வகைப் புற்றுநோய்ச் செல்கள் மட்டும் அந்தப் பழைய வேலையை மறுபடி ஆரம்பித்துவிடும். அதனால் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. ஏறினால் எங்கோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம். இப்படிக் காட்டிக்கொடுக்கும் பொருளைத்தான் ட்யூமர் மார்க்கர் என்கிறார்கள்.

அதை அளக்க ஒரு சோதனை வேண்டும். சோதனைக்குப் படிக்கல் வேண்டும், தராசுக்கு வேண்டியது போல. இவ்வளவு ஏ.எஃப்.பி. இருந்தால் இவ்வளவு நிறம் வரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான, அளவு தெரிந்த ஏ.எஃப்.பி. அந்தப் படிக்கல்லை ஈஸ்டை வைத்துச் செய்வதுதான் எங்கள் வேலை. மனித ஜீனை எடுத்து ஈஸ்டுக்குள் வைத்துவிட்டால் அது தன் புரதத்தோடு நம் புரதத்தையும் சேர்த்துத் தயாரித்துக் கொடுக்கும். நாங்கள் அந்த ஜீனில் இரண்டு இடங்களில் கை வைத்திருந்தோம், ஃபிரிட்ஜ் இல்லாத மாவட்ட ஆஸ்பத்திரியிலும் வெயிலில் கெடாமல் இருக்கட்டும் என்று. அதோடு கடைசியில் ஒரு சின்ன வாலும் ஒட்ட வைத்தோம். ஈஸ்ட் குழம்பிலிருந்து நம் புரதத்தை மட்டும் பிடித்து இழுக்க அந்த வால் ஒரு கைப்பிடி. இயற்கையான ஏ.எஃப்.பி.க்கு வால் கிடையாது. இந்த வாலை மறந்துவிடாதீர்கள்.

புதிதாக ஒரு தொகுதி தயாரானதும் எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. நோய் இல்லாதவர்கள் ரத்தத்தில் சோதனை ஒன்றும் காட்டக்கூடாது அல்லவா, அதைச் சரிபார்க்க லேபில் இருப்பவர்களே வரிசையாக நின்று ரத்தம் கொடுப்போம். விருப்பப்பட்டு, கையெழுத்துப் போட்டுத்தான். அதற்குப் பிறகு லேபின் தலைவரான சார் எல்லோருக்கும் முட்டை ரோல் வாங்கித் தருவார். பெயர் போடாமல் நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு என்று குழாய்களுக்கு எண் கொடுப்போம். பெயர் தெரியக்கூடாது என்பது விதி, ஆனால் ஆறு பேர் உள்ள லேபில் யார் எந்த எண் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் நார்மல் நான்கு.

அன்று, ஆளுக்கொரு குழியாக ரத்தம் விட்டிருந்த சோதனைத் தட்டில் ஐந்து குழிகள் தண்ணீர் மாதிரி இருந்தன. நான்காவது குழி மட்டும் மஞ்சள். லேசான மஞ்சள் இல்லை. மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றியது போல.

எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள், அனுதாபத்தோடு அல்ல. ஏனென்றால் லேபில் அந்தப் புரதத்தை நாள் முழுக்கக் கையாளுகிறவன் நான் ஒருவன். என் கையுறை, என் கோட்டு, என் பைப்பெட் எல்லாவற்றிலும் அது இருக்கும். ஒரு துளி என் ரத்தக் குழாயில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த லேபாக இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருக்கும். ஒரு வீட்டில் சாம்பார் உப்புக் கரித்தால் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நின்றவனைத்தானே பார்ப்பார்கள்.

சார் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார், அது அதைவிட மோசம். நான் கரைசல்களை எல்லாம் கொட்டினேன். பைப்பெட்டுகளைக் கழற்றிக் கழுவினேன். ஒரு முழுத் தொகுதியை ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டியில் போட்டு அழித்தோம், அது என்னுடைய பல வார வேலை. மறுபடி சோதித்தோம். நான்காவது குழி மஞ்சள். என்னைத் தட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு மௌசுமிதியே செய்தார். மஞ்சள். கீழ்த்தளத்து கிளினிக் நர்ஸை விட்டுப் புதிதாக ரத்தம் எடுத்து, அதை நான் கண்ணால் கூடப் பார்க்காமல் சோதித்தார்கள். மஞ்சள்.

மௌசுமிதி, அதாவது மௌசுமி அக்கா, எங்கள் லேபின் சீனியர். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்காமல் அவரால் இருக்க முடியாது. அன்று மதியம் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "முருகேஷ், உண்மையைச் சொல்லு. எத்தனாவது மாசம்?" என்றார். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. ஏறும். லேபே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார். ஒரு பெரியவர் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. ஏறுவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள்தான், அது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்று கர்ப்பம். ஒன்று ஈரல். மூன்றாவதை அவர் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வாலைப் பார்ப்போம்" என்றார்.

எனக்குப் புரிந்தது. அந்த வாலை மட்டும் பிடிக்கும் மருந்து எங்களிடம் இருந்தது. நான்காவது குழியில் இருப்பது கை தவறி விழுந்த எங்கள் புரதம் என்றால் அதற்கு வால் இருக்கும். வால் இல்லையென்றால் அதை ஈஸ்ட் செய்யவில்லை. நான் செய்தது.

மௌசுமிதி தன்னுடைய ரத்தத்தில் எங்கள் புரதத்தை ஒரு சொட்டு வேண்டுமென்றே கலந்து பக்கத்துக் குழியில் வைத்தார், ஒப்பிடுவதற்கு. இரண்டு மணி நேரம் ஆனது. நான் போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். சில மாதங்களாகவே வலது பக்கம் ஒரு கனம் இருந்தது, வலி இல்லை, குளிக்கும்போது கோலிக்குண்டு மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும். ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிளில் போவதால் என்று நினைத்திருந்தேன். அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது சைக்கிள் மேல் இருந்த பழியை நானே எடுத்துவிட்டேன்.

அவர் ரத்தம் மஞ்சளாக மாறியது. என்னுடையது மாறவில்லை. வால் இல்லை.

இத்தனை சோதனைகளில் முதல்முறையாக என் குழி சுத்தமாக, தண்ணீர் மாதிரி இருந்தது. மௌசுமிதி அழுதுகொண்டே, "நீ சரியாத்தான் வேலை செஞ்சிருக்கே" என்றார்.

அன்றைக்கே அவர் தன் அண்ணனுக்குத் தெரிந்த டாக்டரிடம் நேரம் வாங்கினார். அப்படித்தான் நான் பைபாஸ் ஓரத்து ஆஸ்பத்திரியில், அந்த அறையில், பவானி சட்டையைப் பிடித்திருக்க உட்கார்ந்திருந்தேன்.

விரையில் கட்டி என்றால் ஊசியால் குத்திப் பார்ப்பதில்லை, நோய் பரவ வாய்ப்பு உண்டு. அடிவயிற்றில் கீறி, அந்த வழியாக முழுவதுமாக எடுத்துவிடுகிறார்கள். கீறுவது ஹெர்னியாவுக்குக் கீறும் அதே இடம். இது தெரிந்ததும் அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. தழும்பும் பொய்யும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன.

"அப்பா, எதுக்கு இந்தப் பொய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்குப் பொண்ணு பாக்கணும்லா. அவளுக்கு மாப்பிள்ள பாக்கணும்லா" என்றார். கோபமில்லாமல், தோசைக்கு விலை சொல்வது போல. "நோய் போயிரும்டே. பேச்சு போவாது."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவர் பார்த்த உலகத்தில் அது அப்படித்தான்.

ஆபரேஷனுக்கு முன்னால் இன்னொரு காரியம். பின்னால் கீமோ தேவைப்படலாம், அதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு பாதிக்கப்படலாம், முன்கூட்டியே விந்தைச் சேமித்து உறைய வைத்துக்கொள் என்றார் டாக்டர். அப்பா அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே வரமாட்டேன் என்றுவிட்டார். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பவானிதான் வந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். கவுன்டரில் இருந்த பெண், நீங்கள் மனைவியா என்று கேட்டாள். "இவன் மாதிரி ஒருத்தனை நான் கட்டிக்குவேனா? தங்கச்சி" என்றாள் பவானி. அந்தப் பெண் சிரித்து ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். நான் உள்ளே போய்த் திரும்பி வரும் வரை பவானி நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "பசிக்குதா? மோமோ சாப்டலாம்" என்றாள். என் தங்கை எனக்குச் செய்ததில் இதைவிடப் பெரிதாக எதையும் என்னால் சொல்ல முடியாது.

ஆபரேஷன் பெரிய கஷ்டமில்லை. மறுநாளே நடந்தேன். கட்டியைப் பரிசோதித்து அவர்கள் சொன்ன பெயர் நீளமானது. சுருக்கமாக, விந்தை உண்டாக்கும் மூல செல்களிலிருந்து வந்த கட்டி, கருவில் இருக்கும் பிள்ளை மாதிரி நடந்துகொள்வது. அதனால்தான் கருவின் புரதத்தைத் தயாரித்திருக்கிறது. எனக்கு அது புரிந்தபோது ஒரு விசித்திரமான எரிச்சல் வந்தது. நான் ஈஸ்டைக் கெஞ்சிக் கொஞ்சி, வெப்பம் பார்த்து, காற்றுக் கொடுத்து ஒரு சொட்டுப் புரதம் எடுக்கப் படாத பாடு படுகிறேன். இது ஒருத்தரும் கேட்காமல் குடம் குடமாகச் செய்திருக்கிறது.

கட்டியை எடுத்துவிட்டால் ரத்தத்தில் இருக்கும் ஏ.எஃப்.பி. தானாகக் குறைய வேண்டும். ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். குறைந்தால் உள்ளே வேறெங்கும் அதைத் தயாரிப்பவர் இல்லை என்று அர்த்தம். இந்தக் கணக்கை நான் அப்பாவுக்கு மாவு அளக்கும் டம்ளரை வைத்து விளக்கினேன். அன்றிலிருந்து ரிப்போர்ட் வந்தால் முதலில் அப்பா கையில்தான் கொடுப்பேன். எழுத்தைத் தள்ளிவிட்டு எண்ணை மட்டும் தேடி விரல் வைப்பார்.

முதல் ரிப்போர்ட்டில் முந்நூற்று எண்பது எதிர்பார்த்தோம். அப்பாவின் விரல் நின்ற இடத்தில் அறுநூற்றுப் பத்து.

"பாதி இல்லயே" என்றார்.

"இல்லப்பா."

அப்படியென்றால் உள்ளே இன்னும் யாரோ அடுப்பு மூட்டி வைத்திருக்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் அடுப்பு கிடைத்தது. வயிற்றின் பின்சுவரில், நிணநீர் முடிச்சுகளில். மூன்று சுற்று கீமோ என்று முடிவானது.

கீமோ நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வாந்தியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கும் வந்தது. மூன்று மருந்துகள். ஒன்று சிறுநீரகத்தைத் தொல்லை செய்யும், அதனால் அதற்கு முன்னும் பின்னும் பை பையாக சலைன் ஏற்றுவார்கள். காதிலும் ரீங்காரம் விடும், எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, மூடிய பிரஷர் குக்கர் பக்கத்து வீட்டில் கொதிப்பது மாதிரி. இன்னொன்று நுரையீரலைப் பார்த்துக்கொள் என்று எச்சரித்துக் கொடுப்பது. மூன்றாவது முடியைக் கொண்டுபோவது. முடி போனதற்கு நான் அழவில்லை. கடையில் அம்மாதான் ஒரு கஸ்டமரிடம் சண்டை போட்டாள். அந்த மனுஷர், "பையன் பழனிக்கு வேண்டிக்கிட்டானா" என்று கேட்டிருக்கிறார். "என் புள்ள மண்ட, என் புள்ள இஷ்டம்" என்றாளாம்.

ரத்த அணுக்கள் குறைந்திருக்கும்போது பச்சையாக எதுவும் சாப்பிடக்கூடாது. அப்படியானால் எங்கள் கடையின் தேங்காய்ச் சட்னி எனக்கு விலக்கு. அப்பாவால் இதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. சட்னியை அரைத்து, கிண்ணத்தில் மூடி குக்கரில் வேக வைத்துக் கொண்டுவந்தார். அதைப் போல மோசமான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. எல்லாமே அப்போது இரும்பைச் சப்புவது போலத்தான் இருந்தது, ஆனாலும் அது தனி மோசம். அப்பா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அடுத்த நாளும் கொண்டுவந்தார்.

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள், அவர்களுடைய உறவினர்கள் எல்லோரும் தணிந்த குரலில்தான் பேசுவார்கள். எந்த இடத்தில் என்று கேட்டால் அடிவயிறு என்பார்கள், கீழே என்பார்கள், ஒருவர் கையால் காற்றில் வட்டம் போட்டார். என்னைக் கேட்டால் நான் விரை என்பேன், வங்காளத்தில் அண்டகோஷ். முதல் தடவை சொன்னபோது ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது நாள் அவரே தன் மகனை என்னிடம் அழைத்து வந்து, இவன்கிட்ட நீயே கேளு என்று விட்டுப் போனார்.

இரண்டாவது சுற்றுக்குப் பிறகு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது, நிற்கவில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் என்ற அணுக்கள் கீமோவில் அடிவாங்கியிருந்தன. ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றும் அளவுக்கு ஈடாக ஆட்களைக் கூட்டி வந்து ரத்தம் கொடுக்க வைக்க வேண்டும். ஆறு பேர்.

அப்பா வராந்தாவில் நின்று போன் போட ஆரம்பித்தார். பத்துப் பதினைந்து பேருக்குப் போட்டிருப்பார். என் கட்டிலிலிருந்து கேட்டது. ஒவ்வொருவரிடமும் ஹெர்னியா. ஒவ்வொருவரும் அதே சந்தேகம் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அப்பா திரும்பத் திரும்ப, "ஆமா, ஹெர்னியாதான். ஆமா, ரத்தம் வேணும். ஆறு பேரு. அது... டாக்டர் சொல்லுதாரு" என்று திணறினார். ஹெர்னியாவுக்கு ஆறு பேர் ரத்தமா? ஒருவர், அண்ணாதா உங்களை யாரோ தரகர் ஏமாற்றுகிறான், எழுந்து வந்துவிடுங்கள் என்று அறிவுரை சொன்னார். யாரும் வரவில்லை.

எனக்கு மூக்கில் பஞ்சு. பேசச் சிரமமாக இருந்தது, பவானியிடம் போனை எடு என்று சைகை காட்டினேன். எங்கள் தெருவின் கிளப்புக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு, பூஜைக்கு வசூல் செய்வது, கேரம் போட்டி நடத்துவது எல்லாம் அதில்தான். நான் சொல்லச் சொல்ல அவள் வங்காளத்தில் அடித்தாள். எனக்கு ஹெர்னியா இல்லை. விரையில் கேன்சர். ஒன்றை எடுத்துவிட்டார்கள். கீமோ நடக்கிறது. இன்றைக்கு ஆறு பேர் ரத்தம் வேண்டும். அண்டகோஷ் என்று வந்த இடத்தில் அவள் விரல் ஒரு கணம் நின்றது. "அதையும் போடு" என்றேன் பஞ்சு வழியாக. போட்டாள். அனுப்பினாள்.

அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மதியச் சாப்பாட்டு வண்டி வருவதற்குள் கிளப் செயலாளர் பிண்ட்டுதா ஒன்பது பேரோடு வந்துவிட்டார். ஒன்பதில் இரண்டு பேர் எடை போதவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அதை அவமானமாக எடுத்துக்கொண்டு கீழே டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் நேரத்தில் பிண்ட்டுதா முழங்கையில் பஞ்சோடு என் கட்டிலுக்கு வந்தார். பெரிய உடம்பு, பூஜைப் பந்தலுக்கு மூங்கிலைத் தனி ஆளாகத் தூக்குகிறவர். கொஞ்ச நேரம் கிரிக்கெட் பேசினார். அப்புறம் குனிந்து, மிகத் தணிந்த குரலில், "உனக்கு எப்படி இருந்துச்சு? கெட்டியாவா? வலிச்சுதா?" என்றார்.

"ஏன் பிண்ட்டுதா?"

"எனக்கும் ஒண்ணு இருக்கு. ஒரு வருஷமா. பொண்டாட்டிகிட்ட கூடச் சொல்லல."

அப்பா அந்தப் பக்கம் நின்று சட்னிக் கிண்ணத்தைத் திறந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. பிண்ட்டுதா அவர் இருப்பதை மறந்துவிட்டிருந்தார். நான் என் டாக்டர் எத்தனை மணிக்கு எந்த அறையில் இருப்பார் என்று சொன்னேன். போகமாட்டேன், பூஜை முடியட்டும் என்று இழுத்தார்.

அப்போது அப்பா பேசினார், வங்காளத்தில். "எழுந்திரு. நான் கூட வாறேன். இப்பமே போவம்."

இருவரும் போனார்கள். என் டாக்டரின் அறைக்குள், என்னுடைய முறைக்கு வராத அப்பா, பிண்ட்டுதாவோடு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். அது கட்டி இல்லை, விரையைச் சுற்றி நீர் கோத்திருந்தது, சாதாரணம். பிண்ட்டுதா அன்று மாலை கிளப்பில் எல்லோருக்கும் ரசகுல்லா வாங்கினாராம். காரணம் கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னாராம், அண்டகோஷ் என்ற வார்த்தையோடு.

மூன்றாவது சுற்று முடிந்தது. ரிப்போர்ட்டில் அப்பாவின் விரல் ஒவ்வொரு முறையும் கீழே கீழே வந்தது. நூற்று நாற்பது. முப்பத்தொன்று. அப்புறம் ஒருநாள் விரல் வைத்துவிட்டு, "இங்க ஒரே எண்ணுதான் இருக்கு. மத்தத அடிக்க மறந்துட்டானுவளா?" என்றார். நான்கு. மறக்கவில்லை, அவ்வளவுதான் இருந்தது. கடைசி ஸ்கேனில் முடிச்சுகளும் சுருங்கியிருந்தன. இனி சில வருடங்களுக்கு அடிக்கடி வந்து காட்ட வேண்டும், திரும்பி வரக்கூடும் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. வரட்டும். எந்த இடத்தில், எந்தப் பெயரில், எந்த எண்ணில் வரும் என்று எனக்குத் தெரியும். தேடிப் பிடிப்பதற்கான படிக்கல்லை நான்தான் செய்கிறேன்.

முடி அரை அங்குலம் வளர்ந்ததும் லேபுக்குப் போனேன். புதுத் தொகுதி தயாராக இருந்தது, ரத்தம் கொடுக்க வரிசை நின்றது. நானும் போய் என் இடத்தில் நின்றேன். சார் சங்கடப்பட்டார். ஆரோக்கியமானவர்கள் மட்டும்தான் என்பது விதி, நோய் இருந்தவனைச் சேர்க்க முடியாது என்றார். விதி எனக்கும் தெரியும். "சேர்க்க வேணாம் சார். ஆனா நான்காம் எண்ணை வேற யாருக்கும் கொடுக்காதீங்க" என்றேன். அந்தக் குழி இப்போது காலியாக விடப்படுகிறது. என் பழைய ரத்தம் உறைபெட்டியில் இருக்கிறது. பலவார வேலையை அழிக்க வைத்த அந்த மஞ்சள்தான் எங்கள் சோதனை சரியாகப் பிடித்த முதல் நோயாளி. அதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். எனக்குத் தனியாக முட்டை ரோல் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் கூட்டம். நான் கல்லா பக்கம் உட்கார்ந்திருந்தேன், அப்பா கல்லில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பழைய கஸ்டமர் ஒருவர், ரிட்டயரானவர், சில மாதங்கள் மகள் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அவருக்குக் கிளப் குழு எதுவும் கிடையாது. என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாதா, பையனுக்கு ஹெர்னியான்னியே, சரியாச்சா? என் மாப்பிள்ளைக்கும் செய்யணும். எவ்வளவு ஆச்சு உனக்கு?" என்றார்.

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அதில் இரண்டு தமிழ்க் குடும்பங்கள், எங்கள் ஊர்ப்பக்கம் சொந்தம் உள்ளவர்கள். அம்மா உள்ளே சட்னி கரண்டியோடு நின்றுவிட்டாள். அப்பா தோசையைத் திருப்பினார், மடித்தார், தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"ஹெர்னியா இல்ல பாபு," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான் பொய் சொன்னேன். அண்டகோஷ்ல கேன்சர். ஒண்ண எடுத்தாச்சு, மூணு தடவ மருந்து ஏத்தியாச்சு, இப்பம் ரத்தத்துல நாலுதான் இருக்கு. அரசாங்க வைத்தியக் கார்டு கொடுத்தது போக, எங்க கையிலருந்து மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து அறுநூறு ரூபா."